ஆட்டுபவரின் சலங்கை

காவிரிக் கடைமடையில் பொம்மலாட்டத்துக்கு ஒரு பருவம் இருந்தது. தை, மாசியில் சம்பா அறுத்து நெல் வீடு வந்து சேரும். பின்னாலேயே உளுந்தும் பயறும் எடுத்துவிடுவார்கள். மேட்டூர் அணையைத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் சீர்காழி வாய்க்கால்களுக்கு வர மேலும் பல நாள் பிடிக்கும். நடுவில் வரும் பங்குனி, சித்திரை, வைகாசியில் வயல் வெடித்துக் கிடக்கும், கையில் கொஞ்சம் காசு இருக்கும், ஊருக்கு ஊர் அம்மன் கோயிலில் காப்புக் கட்டுவார்கள். சீர்காழி சட்டைநாதர் கோயிலில் ஞானசம்பந்தருக்கு அம்பாள் ஞானப்பால் கொடுத்த திருமுலைப்பால் விழாவும் சித்திரையில்தான். கூத்து, நாடகம், பொம்மலாட்டம் எல்லாமே இந்த இடைவெளிக்குள் ஆடி முடிந்தாக வேண்டும்.

கோயில் திடலிலோ அறுத்த வயலிலோ மூங்கில் நட்டுக் கீற்றுப் பந்தல் போடுவார்கள். பின்னால் கறுப்புத் துணி; பெட்ரோமாக்ஸ் விளக்கு; ஓரத்தில் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும். பிள்ளையார் பூசை, கோமாளி, அமானாட்டம், பூசணிக்காயாட்டம் என்று முன்னாட்டங்களே நான்கு. அவை முடிந்த பிறகே அரிச்சந்திரனோ வள்ளி திருமணமோ சீதா கல்யாணமோ தொடங்கும். பிள்ளைகள் பாயிலேயே தூங்கி, சண்டைக் காட்சிக்கு எழுந்து, மறுபடி தூங்குவார்கள். பெரியவர்கள் வெற்றிலை மென்றபடி விடிய விடியப் பார்ப்பார்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம். அடுத்து என்ன என்ற ஆவலில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. அரிச்சந்திரன் சுடுகாட்டுக்குப் போவான் என்று தெரிந்தும், அவனை எப்படி நடக்கவைக்கிறார்கள் என்று பார்க்கத்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்று அதே பங்குனி, சித்திரையில் மோட்டார் தண்ணீரில் பருத்தி நிற்கிறது. திருவிழாவுக்கு இன்னிசைக் கச்சேரி வருகிறது, ஸ்பீக்கர் வருகிறது, இரவு பத்து மணிக்குள் முடித்தாக வேண்டிய கெடுவும் வருகிறது. பொம்மைகளைப் பார்ப்பது மட்டும் நின்றுவிடவில்லை. சினிமாப் பாட்டில், தொலைக்காட்சியில், கைப்பேசியில் ஆடும் பொம்மைகளை நாம் அன்றைவிட அதிகமாகவே பார்க்கிறோம். ஒரு பொம்மைப் பாட்டு பிடித்துப்போனால் வேண்டிய மட்டும் திருப்பிப் போடலாம். அன்று பார்த்தவரிடம் இருந்த கண் இன்று பார்ப்பவரிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தலையில் ஏற்றிய கனம்

தஞ்சைப் பக்கத்துப் பொம்மலாட்டம் இந்தியாவின் மற்ற நூல்பாவைகளிலிருந்து வேறுபட்டது. ராஜஸ்தானத்துக் கட்புத்லிக்குக் கால்களே இல்லை; நீண்ட பாவாடை அந்தக் குறையை மறைத்துவிடும். இரண்டிலிருந்து ஐந்து நூல்களை ஆட்டுபவர் விரலிலேயே சுற்றிக்கொள்கிறார். கர்நாடகத்துக் கொம்பேயாட்டத்தில் ஐந்து முதல் ஏழு நூல்கள் ஒரு கட்டையில் கட்டப்பட்டிருக்கும். நம் பொம்மையோ நூலும் கம்பியும் சேர்ந்தது. நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை வரை போகும்; இந்திய மரபில் இவ்வளவு பெரிய, இவ்வளவு கனமான நூல்பாவை வேறு இல்லை. கல்யாண முருங்கை லேசான மரம் என்பதால் அதில் செதுக்குகிறார்கள். அப்படியும் உடையும் நகையும் ஏறியபின் இந்தக் கனம்.

இந்தக் கனத்தை விரலால் தாங்க முடியாது. அதனால் ஆட்டுபவர் ஓர் இரும்பு வளையத்தைக் கிரீடமாகத் தலையில் மாட்டிக்கொள்கிறார். பொம்மையைத் தாங்கும் நூல்கள் அந்த வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். பொம்மையின் கைகளை அசைக்கும் கம்பிகள் அவருடைய இரு கைகளிலும். அவர் தலையைச் சாய்த்தால் பொம்மை சாயும். அவர் திரும்பினால் அது திரும்பும். பொம்மை ஆட வேண்டுமானால் அவரும் ஆடித்தான் ஆக வேண்டும். பொம்மை பரதம் ஆடும்போது கேட்கும் சலங்கைச் சத்தம் பொம்மையின் காலிலிருந்து வருவதில்லை. கறுப்புத் திரைக்குப் பின்னால் ஜதிக்கு மிதிக்கும் மனிதரின் காலிலிருந்து வருகிறது.

இதில் கைத்திறன் எங்கே என்று கேட்டால், முதலில் பாதத்தைப் பார்க்கச் சொல்வேன். நூல் ஓர் அங்குலம் மேலேறினால் பொம்மை தரையில் நடக்கவில்லை, மிதக்கிறது என்று தெரிந்துவிடும். ஓர் அங்குலம் இறங்கினால் முழங்கால் மடங்கி உயிர் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில், பாதம் தரையைத் தொட்டும் கனம் தரையில் இறங்காமலும் இருக்கும் இடத்தில் மணிக்கணக்காக நிறுத்த வேண்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது சும்மா நிற்கும் பொம்மையை. ஒரு பாத்திரம் பேசும்போது எதிரே நிற்கும் பாத்திரம் கேட்க வேண்டும். கேட்பது என்பது அசையாமல் இருப்பது அல்ல. தலை ஒரு நூல் திரும்பும், தோள் சற்றே இறங்கும். ஆட்டத்தில் சுழல்வதைவிட இந்தக் கேட்டல் கடினம். விடிய விடியப் பார்த்த கிராமத்துக்காரருக்கு இதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்த ஆள் ஆட்டினால் சந்திரமதி அழுவாள், எந்த ஆள் ஆட்டினால் சும்மா குலுங்குவாள் என்று பார்த்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்.

தத்துவம் விழுங்கிய தொழில்

தமிழில் பொம்மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இரண்டாவது வாக்கியத்தில் தத்துவம் வந்துவிடும். வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில், மனத்தில் நாணம் இல்லாதவர்களின் நடமாட்டத்தைக் கயிற்றால் ஆடும் மரப்பாவையோடு ஒப்பிட்டார். பிற்காலத்தில் ஆட்டுவிப்பவன் இறைவன், ஆடுபவர் நாம் என்று ஆயிற்று. வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய ‘பொம்மை’ 1964இல் வந்தது. யேசுதாஸின் குரலைத் தமிழர்களுக்கு அறிமுகம் செய்த அந்தப் படத்தின் பாட்டும் மனிதர்களையே பொம்மைகள் என்றது. நல்ல பாட்டுதான். ஆனால் இப்படிப் பொம்மையை உவமையாகவே எடுத்துக்கொண்டதில், அதைத் தலையில் சுமந்தவர் நம் கண்ணில் படாமல் போனார்.

எனக்குப் பிடித்த பொம்மைப் பாட்டில் தத்துவம் ஒரு துளியும் கிடையாது. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ 1965இல் ராபர்ட் வைஸ் எடுத்த படம். அதில் ‘தி லோன்லி கோட்ஹெர்ட்’ என்ற பாட்டுக்கு வீட்டுக்குள் ஒரு சிறு மேடை போட்டு, மரியாவும் ஏழு பிள்ளைகளும் பொம்மலாட்டம் நடத்துகிறார்கள். மலைமேல் தனியாக ஆடு மேய்க்கும் ஒருவன், அவன் பாட்டைக் கேட்கும் ஊர், ஓர் இளம் பெண், அவள் தாய், ஆடுகள், கடைசியில் ஒரு குட்டி. அவ்வளவுதான் கதை. 1959இல் பிராட்வே மேடைக்கு வந்தபோது இதே பாட்டு இடி மின்னல் இரவில் படுக்கையறையில் பாடப்பட்டது. பொம்மை மேடை என்பது படத்துக்காக வந்த யோசனை.

திரையில் மரியாவும் பிள்ளைகளும் மேலேயிருந்து நூல் பிடிப்பதாகக் காட்டினாலும், அந்தப் பொம்மைகளை ஆட்டியவர்கள் அமெரிக்கப் பொம்மலாட்டத் தம்பதி பில் பேர்ட், கோரா பேர்ட். மரக்கட்டையில் பல நூல்கள் கட்டி உயரத்திலிருந்து கையால் இயக்கும் மேற்கத்திய முறை. எடை குறைவு, வேகம் அதிகம். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது ஆடுகளைக் கவனியுங்கள். இரண்டு கால் பொம்மையைவிட நான்கு கால் பொம்மை கடினம். முன்கால் ஒரு கணக்கில், பின்கால் ஒரு கணக்கில் துள்ள வேண்டும். குரல் தாவும் யோடல் பாட்டு அது. தாவலுக்குத் தாவல் பொம்மையும் தாளம் தப்பாமல் இருக்க வேண்டும். சிரிக்கவைக்கும் ஆட்டம் என்பதாலேயே அதன் உழைப்பு தெரிவதில்லை.

அந்தப் படம் நடக்கும் சால்ஸ்பர்க் நகரில் ஆன்டன் ஐஹர் 1913இல் தொடங்கிய நூல்பாவை அரங்கு இன்றும் நடக்கிறது. 2007இல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ கதையையே அவர்கள் பொம்மைகளை வைத்து மேடையேற்றினார்கள். பொம்மலாட்டத்தைச் சினிமா எடுத்துக்கொண்டது. அந்தச் சினிமாவைப் பொம்மலாட்டம் திரும்ப எடுத்துக்கொண்டது. டிக்கெட் விற்கும் நிரந்தர அரங்கு ஒன்று இருந்ததால் அது நடந்தது. நம்முடையது அரங்கை நம்பி வாழ்ந்த கலை அல்ல, பருவத்தை நம்பி வாழ்ந்த கலை. பருவம் மாறியதும் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போயிற்று.

மனிதரே பாவையாக

இந்தியத் திரையிலும் பொம்மைக் காட்சிகள் வந்தன. 1956இல் வந்த இந்திப் படம் ‘சோரி சோரி’யில், லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் பாடிய பாட்டு ஒன்றுக்கு ராஜ் கபூரும் நர்கிசும் தாங்களே நூல் கட்டிய பொம்மைகளாக ஆடினார்கள். மணிக்கட்டு மடங்குவதும் கழுத்து வெட்டுவதும் கட்புத்லியைப் பார்த்துக் கற்றவை. அடுத்த ஆண்டு ‘கட்புத்லி’ என்ற பெயரிலேயே ஒரு படம். பொம்மலாட்டக்காரனோடு சேர்ந்து ஆடும் பெண்ணாக வந்தவர் நம் வைஜயந்திமாலா.

மனிதர் பாவையாக ஆடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிது அல்ல. சீர்காழிக்குப் பக்கத்திலிருக்கும் பூம்புகாரில் மாதவி ஆடியதாகச் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை சொல்லும் பதினொரு ஆடல்களில் ஒன்று பாவை. அசுரரை மயக்கித் தோற்கடிக்கத் திருமகள் பாவை வடிவம் கொண்டு ஆடிய ஆட்டம் அது. அசையாத ஒன்று அசைவதுபோல் காட்டுவது ஒரு திறமை. அசையும் உடம்பை மரமாக்கிக் காட்டுவது அதற்குத் தலைகீழான திறமை.

2008இல் கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய ‘தசாவதாரம்’ எங்கள் வாசலுக்கே வந்தது. கதை நடக்கும் ஊர்களில் ஒன்று கொள்ளிடத்துக்கு அக்கரையில் இருக்கும் சிதம்பரம். ‘முகுந்தா முகுந்தா’ பாட்டில் அசின் தோல்பாவை ஆட்டுகிறார். வெள்ளைத் துணியில் அவதாரங்கள் நிழலாக வந்து போகின்றன. மரப்பொம்மைக்குப் பேர்போன பக்கத்தில் கதையை வைத்துவிட்டுப் படம் தோல்பாவையை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். விளக்கு, திரை, நடுவில் ஓர் உருவம் என்றால் அது சினிமாவின் பாட்டனே. மரப்பொம்மை நாடகத்தின் உறவு; தோல்பாவை சினிமாவின் உறவு.

தோல்பாவையின் வரலாறும் இங்கே கிளை விட்டிருக்கிறது. தமிழகத்தில் அதை ஆடிவந்தவர்கள் வீட்டில் மராத்தி பேசும் மண்டிகர். குமரி மாவட்டத்தில் அவர்களிடையே பல ஆண்டுகள் பழகி அ. கா. பெருமாள் எழுதிய நூல்கள் இல்லாவிட்டால் அந்த வாழ்க்கை பதிவாகாமலே போயிருக்கும். கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியிலோ பகவதி கோயில் கூத்துமாடங்களில் வரிசையாக விளக்கேற்றி, கம்பராமாயணப் பாட்டைப் பாடியே பாவை ஆட்டுகிறார்கள். கம்பன் பிறந்த தேரழுந்தூர் இன்றைக்கு எங்கள் மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. இராமநாடகம் எழுதிய அருணாசலக் கவிராயர் வாழ்ந்த ஊர் சீர்காழி. ராமாயணத்தைப் பாட்டாக்கிக் கொடுத்த வட்டாரம் இது. கம்பனின் வரிகளுக்கு நிழல் கொடுக்கும் கூத்தோ மலை தாண்டி நடக்கிறது. அந்தக் கலையின் மூத்தவர் கே. கே. ராமச்சந்திர புலவருக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

குரலுக்குக் கிடைத்த பெயர்

பொம்மலாட்ட மேடையில் பாடுபவர் வேறு, ஆட்டுபவர் வேறு. பொம்மை வாயசைக்காது, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவரின் குரலைத் தன் குரலாக்கிக்கொண்டு ஆடும். ஒருவர் குரலுக்கு இன்னோர் உருவம் நடிப்பதைத் தமிழ் சினிமா 1938இல், ‘நந்தகுமார்’ படத்தில்தான் செய்து பார்த்தது. பொம்மலாட்டம் அதை அதற்கு வெகுகாலம் முன்பே வழக்கமாக வைத்திருந்தது. கிராமத்து ரசிகருக்குப் பின்னணிக் குரல் விளங்கிக்கொள்ள வேண்டிய புதுமையாகவே இருந்திருக்காது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சினிமாவில் திரைக்குப் பின்னால் பாடியவருக்கு மெல்ல மெல்லப் பெயர் வந்தது. இசைத்தட்டின் மேல் அச்சிட்டார்கள். இலங்கை வானொலி பாட்டுக்குப் பாட்டு பாடியவர் பெயரைச் சொல்லியது; கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு அந்த ஒலிபரப்பு துல்லியமாகக் கேட்டது. 1933இல் சீர்காழியில் பிறந்த கோவிந்தராஜன், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் இசை பயின்று, 1954இல் ‘பொன்வயல்’ மூலம் திரையில் பாடத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். உள்பட எத்தனையோ பேர் அவர் குரலுக்கு வாயசைத்தார்கள். 1972இல் ‘அகத்தியர்’ படத்தில் தானே அகத்தியராக வந்து நின்றபோது, முகம் பார்ப்பதற்கு வெகு முன்பே அந்தக் குரலை அறிந்துவைத்திருந்த கூட்டம் கொட்டகையில் உட்கார்ந்திருந்தது.

பாடுபவருக்கு நடந்தது ஆட்டுபவருக்கு நடக்கவில்லை. ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பேர்ட் தம்பதியின் பெயரைத் திரையில் போட்டது. ‘முகுந்தா’ பாட்டை நூறு முறை பார்த்த நம்மில் எத்தனை பேர், அந்தப் பாவைகளைச் செய்தது யார், ஆட்டக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டிருப்போம்? பாட்டை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் எல்லோரும் நமக்கு மனப்பாடம்.

இருபது நிமிட மேடை

இன்று தஞ்சைப் பக்கத்தில் பொம்மலாட்டக் குழுக்களை விரல் விட்டு எண்ணலாம். கும்பகோணத்தில் டி. என். சங்கரநாதனின் ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபா பழைய முறையைக் காத்துவந்திருக்கிறது. தஞ்சாவூரில் இருக்கும் தென்னகப் பண்பாட்டு மையமும் அரசு விழாக்களும் மேடை கொடுக்கின்றன. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமத்துக் கலைகளைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. எல்லா இடத்திலும் நிபந்தனை ஒன்றே: நேரம் குறைவு. விடிய விடிய நடந்த அரிச்சந்திரன் இருபது நிமிடத்தில் நாட்டை இழந்து, மனைவியை விற்று, சுடுகாட்டுக்குப் போய், நாட்டைத் திரும்பப் பெற்றாக வேண்டும். மேடையில் வேகம் மிஞ்சுகிறது. கேட்டுக்கொண்டு நிற்கும் பொம்மைக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. நான் மேலே சொன்ன கடினமான வித்தைதான் முதலில் வெட்டுப்படுகிறது.

பள்ளிக்கூடங்களுக்கும் பொம்மை போயிருக்கிறது. 1979இல் டெல்லியில் தொடங்கிய பண்பாட்டு வள, பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குப் பொம்மை செய்யவும் ஆட்டவும் கற்றுக்கொடுக்கிறது. காகிதக் கூழும் பழைய காலுறையும் பொம்மையாகி, கை கழுவுவதையும் கணக்கையும் சொல்லித்தருகின்றன. இதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பொம்மையை ஐந்து நிமிடம் உயிரோடு வைத்திருக்க முயன்ற பிள்ளைக்கு, பத்துக் கிலோவைத் தலையில் தாங்கி ஆடுவது என்னவென்று உடம்பால் புரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. அன்று கறுப்புத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்த பையன் அடி வாங்கினான். இன்று குழுவினரே கைப்பேசியைப் பின்பக்கம் வைத்துப் படம் பிடித்து உலவ விடுகிறார்கள். வளையம் தெரிகிறது, கம்பி தெரிகிறது, வேர்வை தெரிகிறது, சலங்கை கட்டிய கால் தெரிகிறது. நம் தாத்தாக்கள் விடிய விடியப் பார்த்தும் காணாத கோணம் அது. நீண்ட இரவு கற்றுக்கொடுத்த ரசனையை இந்தப் பின்பக்கக் காட்சிகள் முழுக்க ஈடுசெய்யா. ஆனால் பாதத்தைப் பார், கேட்கும் பொம்மையைப் பார் என்று யாராவது கை காட்டிவிட்டால், பார்ப்பவர் மீதியைத் தானே பிடித்துக்கொள்வார். பிடித்த இடத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வசதி அன்று யாருக்கும் இருந்ததில்லை.

அதனால் எனக்கு ஒரே ஒரு ஆசை, செலவில்லாத ஆசை. திருவிழா அழைப்பிதழில் நாகஸ்வரம் யார், தவில் யார், வாணவேடிக்கை யார் உபயம் என்பது வரை அச்சிடுகிறோம். பொம்மலாட்டம் வைத்தால் பொம்மைக்குத் தலை கொடுத்தவர் பெயரையும் அச்சிடலாம். ஒலிபெருக்கியில் ஒரு முறை சொல்லலாம். பாட்டு, படம், குறும்படம் எடுப்பவர்களும் பொம்மை ஒரு நொடி வந்தாலும் ஆட்டியவர் பெயரைப் போடலாம். பெயர் தெரிந்தால்தான் இவர் ஆட்டம், அவர் ஆட்டம் என்று ஒப்பிட்டுப் பேச முடியும். பேச்சு இருந்தால்தான் அடுத்த ஆண்டும் கூப்பிடுவார்கள். இதைச் சீர்காழிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் நின்று பாடிய ஒருவருக்குத் தன் பெயரையே முன்னால் சேர்த்து அனுப்பிய ஊர் இது.